முக்காற்புள்ளிக்குப் பிறகு வரவேண்டிய பெயர்

1

கதை எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. உட்கார்ந்தது வேறு வேலைக்கு. நாகர்கோவிலில் பள்ளித் துணைநூல்கள் அச்சடித்து விற்கிற ஞானதாசன், தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்று கொண்டுவருகிறார். நிறுத்தக்குறிகள் பற்றிய அத்தியாயம் என் தலையில் விழுந்தது. காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் முடித்துவிட்டு முக்காற்புள்ளிக்கு வந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு புள்ளி. பட்டியலுக்கு முன்னால் போடுவது. இதில் ஒரு பக்கத்துக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

விதி எளிது. ஆங்கிலத்தில் பட்டியல் ஒன்றைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பட்டியலுக்கு முந்தைய பகுதி தன் காலில் நிற்கிற முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ‘நான் சந்தையில் மூன்று பழங்கள் வாங்கினேன்’ என்று முடித்து, இரண்டு புள்ளி வைத்து, பழங்களின் பெயர்களை அடுக்கலாம். ‘நான் வாங்கியவை’ என்று பாதியில் நிறுத்திப் புள்ளி வைத்தால் தப்பு. ‘உதாரணமாக’ என்பதற்குப் பிறகு வைத்தாலும் தப்பு. பிள்ளைகள் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள், தலைமையாசிரியர்களும் செய்கிறார்கள். [இந்த வரியை ஞானதாசன் வெட்டிவிடுவார். புத்தகத்தை வாங்குகிறவர்கள் தலைமையாசிரியர்கள்தான்.]

ஒரு எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. பழங்கள் எனக்குச் சலித்துப்போயிருந்தன. உலகத்தில் உள்ள இலக்கணப் புத்தகம் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பழம் வாங்கிக்கொண்டே இருக்கிறார். அதனால் கைக்கு வந்ததை எழுதினேன்:

வள்ளத்தில் நான்கு பேர் இருந்தார்கள்: சிலுவைமுத்து, பர்னபாஸ், யூஜின், ததேயுஸ்.

விதிப்படி குறை சொல்ல முடியாத வாக்கியம். ஆனால் படித்துப் பார்த்தபோது ‘இருந்தார்கள்’ என்ற சொல் என்னவோ செய்தது. இப்போது இல்லையா? எங்கே போனார்கள்? எடுத்துக்காட்டில் வருகிறவர்களைப் பற்றி இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. நான் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கையேட்டு வேலை ஓடவில்லை.

ஞானதாசன் போனில் கூப்பிட்டார். “என்ன ஓய், முடிஞ்சுதா?”

“ஒரு வள்ளம் மறிஞ்சு போச்சு” என்றேன்.

“வள்ளமா? ஆப்பிளு, மாம்பழம்னு போட்டு விடும் ஓய். உமக்கு ஒரு பழங்கூடவா கிட்டல்ல?”

2

முதலில் ஒரு ஊர் வேண்டும். வள்ளம் என்று எழுதிவிட்டதால், மீன்பிடி வள்ளம், கடற்கரை. எனக்கு நடந்து பழக்கமான கரைகளில் இனயத்தை எடுத்துக்கொண்டேன். ஊர் உண்மை. நான் சொல்லப்போகிற ஆட்கள் யாரும் அங்கே இருந்ததில்லை.

அடுத்தது, காலம். நான்கு பேரின் பெயரை ஆங்கிலத்தில், முக்காற்புள்ளி வைத்து, யாராவது எழுதியாக வேண்டிய காலமாக இருக்க வேண்டும். மனு ஆங்கிலத்தில் போன காலம். அதனால் ஐம்பதுகள். முதலில் 1954 என்று போட்டேன். அந்த வருடம் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. அந்தச் சாவுகளுக்கு முன்னால் என் வள்ளத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அடித்துவிட்டேன். 1956 நவம்பரில் அந்தத் தாலுகாக்கள் ஒரு மாவட்டமாகிச் சென்னையோடு சேர்ந்துவிடுகின்றன. ஆகவே 1955. இனயத்து மனு இன்னும் திருவனந்தபுரத்துக்குப் போகிற வருடம். மனு கொடுக்கிறவளுக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

3

தொடக்கங்கள்.

அன்று இனயத்துக் கடல் அமைதியாக இரு

வேண்டாம். வள்ளம் கவிழ்கிற எல்லாக் கதையிலும் கடல் முதலில் அமைதியாகத்தான் இருக்கிறது.

கிரேசி மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கும்போது கோயில் மணி ஒற்றையாக அடிக்கத் தொட

இதுவும் வேண்டாம். ஒற்றை மணி என்றதும் சாவு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கிரேசிக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆடி மாதம். கடல் முறுகி, கொந்தளித்துக் கிடந்தது. போக வேண்டாம் என்று கரையில் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் கூடிக்கொண்டே போனதால் நான்கு பேர் போனார்கள். சிலுவைமுத்து மூத்தவர். பர்னபாஸ் அவருடைய ஒரே மகன், கல்யாணமாகாதவன். யூஜினும் ததேயுசும் மைத்துனர்கள்; ததேயுசின் தங்கை குளோரியைத்தான் யூஜின் கட்டியிருந்தான். ததேயுசின் மனைவி கிரேசி.

வள்ளம் கவிழ்ந்து கரைக்கு வந்தது. பிறகு சிலுவைமுத்து வந்தார், பர்னபாஸ் வந்தான், யூஜின் வந்தான். மூன்று பேரையும் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். ததேயுஸ் வரவில்லை. கரையோரமாக மேற்கிலும் கிழக்கிலும் ஆள் போய்த் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.*

* ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். நான்காவது ஆளையும் கரைக்குக் கொண்டுவந்திருக்கலாமே, எழுதுகிறவன் நீதானே என்று. கொண்டுவந்து பார்த்தேன். கிரேசி அழுதாள், ஊர் அழுதது, மனு போனது, உதவி வந்தது, கதை முடிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கிழித்தது கிரேசிக்கு நன்மையா தீமையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

4

ஆள் போன வீட்டுக்கு அரசாங்கத்தில் அரிசியும், புது வள்ளத்துக்கு உதவியும் கிடைக்கும், மனு கொடுங்கள் என்று பங்குச்சாமியார் சொன்னார். சிலுவைமுத்துவின் மனைவி, குளோரி, கிரேசி என்று மூன்று பெண்களும் பஸ் ஏறிக் கோட்டாற்றுக்கு வந்தார்கள். அங்கே கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் தட்டச்சு எந்திரம் வைத்து, ஆங்கிலத்தில் மனு அடித்துக் கொடுக்கிறவள் நேசபாய்.

நேசபாய் மிஷன் பள்ளியில் படித்தவள். கண்டிப்பானவள். ஒரு எழுத்து பிசகினால் தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிப்பாள். வாக்கியம் சரியாக இருந்தால் உலகத்தில் பாதிக் காரியம் நடந்துவிடும் என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கை என்னிடமிருந்து போய் வெகு காலமாகிறது. அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும்.

அவள் அடித்த முதல் வாக்கியத்தின் பொருள் இது: ‘இனயம் கடற்கரையைச் சேர்ந்த கீழ்க்கண்ட நால்வர் கடலில் மாண்டுபோயினர்.’ தனித்து நிற்கிற முழு வாக்கியம். அதன் கடைசியில் இரண்டு புள்ளி வைத்துவிட்டுத் தமிழில் விளக்கிச் சொன்னாள். பிறகு ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டாள்.

சிலுவைமுத்துவின் மனைவி வாயைத் திறந்தாள். மகன் பெயர் வந்தது. “பர்னபாஸ்.” பிறகு, “பர்னபாசுக்க அப்பன்” என்றாள்.

நேசபாய்க்குப் புரிந்தது. கட்டிய பெண் கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அந்தக் காலத்து எல்லா வீட்டிலும் இருந்த பயம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த வீடுகளிலும் அது விட்டுப்போகவில்லை. நேசபாயின் அம்மாவும் சாகும்வரை அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. அப்பா செத்த பிறகுகூடச் சொல்லவில்லை. குறைய இனி ஆயுள் ஏது என்று யாரும் அவளிடம் கேட்கவுமில்லை.

சிலுவைமுத்துவின் பெயரைக் குளோரி எடுத்துக்கொடுத்தாள். பிறகு தன் மூத்த பிள்ளையைச் சொல்லி, “அவளுக்க அப்பன், யூஜின்னு பேரு, மத்தவிய சொல்லுவினும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகச் சொல்லி முடித்தாள். வேறு வழியில்லாமல் சொன்னதுதான். சொன்னதும் உதட்டைக் கையால் துடைத்தாள்.

நேசபாய் கிரேசியைப் பார்த்தாள்.

“இதுக்குக் கீழ எத்தன பேரு வரும்?” என்று கிரேசி கேட்டாள்.

“நாலு.”

“எங்க வீட்டு ஆளுக்க பேரு வேண்டாம்.”

“அதெப்படி மக்கா? நாலு பேரு போனதுல்லா?”

“போனாவ. செத்தாவன்னு யாரு சொன்னது? அவிய வரல்ல. அவ்வளவுதான்.”

நேசபாய் தாளை உருவினாள். அவளுக்கு இது ஒரு வாக்கியச் சிக்கலாகத்தான் தோன்றியது. அப்படித் தோன்றினால் அவள் தீர்த்துவிடுவாள். ‘கீழ்க்கண்ட மூவர் மாண்டுபோயினர்’ என்று அடித்து, புள்ளி வைத்து, மூன்று பெயர்களைப் போட்டாள். அடுத்து, ‘அவர்களோடு சென்ற ஒருவர் இன்னும் திரும்பவில்லை’ என்று ஒரு வாக்கியம் அடித்து, அதற்கும் புள்ளி வைத்தாள்.

“பேரு?”

கிரேசிக்குப் பிள்ளை இல்லை. இன்னாருக்க அப்பன் என்று சொல்வதற்கு யாரும் இல்லை. குளோரிதான் சொன்னாள்.

“ததேயுஸ். எனக்க அண்ணன்.”

அந்தப் பெயர் எந்திரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிரேசி நின்றாள். திரும்பவில்லை என்பதற்குக் கீழேதான் விழுகிறது என்பதால் அவளுக்குச் சம்மதமாயிருந்தது. பஸ்ஸில் குளோரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனாள்.

5

இந்த இடத்தில் கையேட்டில் சேர்க்க முடியாத ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்கிறேன். ஞானதாசன் பார்த்தால், இது இலக்கணமா ஒப்பாரியா என்று கேட்பார்.

தமிழில் நாம் பட்டியலை வேறு மாதிரிச் சொல்கிறோம். சிலுவைமுத்து, பர்னபாஸ், யூஜின், ததேயுஸ் ஆகியோர் என்று முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது கடைசியில் வருகிறது. ‘கரை சேர்ந்தனர்’ என்றும் முடியலாம். கேட்கிறவர் கடைசிச் சொல் வரும்வரை நம்பிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் இந்த முக்காற்புள்ளி வாக்கியம் தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறது. மாண்டுபோயினர். அதற்குப் பிறகு இரண்டு புள்ளி. அப்புறம் யார் யார் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. ஒரு மொழியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கிரேசிக்கு ஒரு எழுத்துகூட ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த இரண்டு புள்ளிக்குக் கீழே தன் ஆள் போகக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மனு திரும்பி வந்தது. எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. நான் உண்டாக்கிய அலுவலகம், பெயர் வைக்கவில்லை. சாமியார் படித்துச் சொன்னார். நான்கு பேர் போனதாகப் போலீசில் சொல்லியிருக்கிறீர்கள். மனுவில் மாண்டவர் மூன்று பேர். நான்காவது ஆள் உயிரோடு இருந்தால், விபத்துக்குச் சாட்சியாக அவனே வந்து சொல்லட்டும். இறந்திருந்தால் அவன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை யாருக்கும் எதுவும் கொடுப்பதற்கில்லை.

யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் கோபம் வருகிறது.

சிலுவைமுத்துவின் மனைவிக்குக் கால் வீக்கம். கூடை சுமக்க முடியாது. குளோரிக்கு மூன்றும் சின்னப் பிள்ளைகள். கிரேசி கருங்கல் சந்தைவரை மீன் சுமந்து, விற்றுக் கிடைப்பதில் மூன்று வீட்டுக்கும் கஞ்சிக்குப் பார்த்தாள். போதவில்லை. குளோரியின் கடைசிப் பிள்ளை வயிற்றோட்டத்தில் துவண்டு கிடந்தது. ஒரு மத்தியானம் கிரேசி கூடையோடு வந்து முற்றத்தில் நின்றபோது குளோரி வெளியே வந்தாள்.

“மைனி, நான் ஒண்ணு கேப்பேன். கோவப்படப்பிடாது.”

“நீ என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா பின்ன ஏன் இப்பிடி இருக்க? எனக்கு மாப்பிளயும் போனாவ, அண்ணனும் போனான். எனக்கு மட்டும் சங்கடம் இல்லியா? பிள்ளயளப் பாரு. ஒரு பேருதான மைனி.”

“ஒரு பேருன்னா சொல்லுத?” கிரேசி கூடையைக் கீழே வைத்தாள். “ஒனக்க மாப்பிளய நீ கண்ட. குளிப்பாட்டுன. மண்ணு போட்ட. எனக்கு யாருட்டி கொண்டு காட்டுனது? ஒரு முடி, ஒரு துணி கிட்டிச்சா?”

“கடல் தரல்ல. அதுக்கு நான் என்ன செய்ய?”

“தரல்லன்னா அங்கதான இருக்காவ. நாளைக்கு ஒரு கப்பல்காரன் ஏத்திக்கொண்டு வந்து விட்டான்னு வையி. என்னய ஒனக்க வாயால தீத்துட்டியே கிரேசின்னு கேட்டா நான் எந்த மொகத்த வச்சிட்டு நிக்க?”

குளோரி கூடையில் இருந்த மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிரேசி வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

6

இங்கே எனக்குக் கிரேசி மேல் சந்தேகம் வந்தது. சொல்லத்தான் வேண்டும். இவள் பிடிவாதக்காரியா? மற்றவர் பட்டினியைப் பார்த்துக்கொண்டு தன் நம்பிக்கையை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற பெண்ணை எதற்காக நான் எழுதுகிறேன்?

[அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கிப் பார்த்தேன். ‘கிரேசி தன் கம்மலைக் கழற்றிக் குளோரியின் கையில்’ என்று தொடங்கிப் பாதியில் விட்டேன். அவளிடம் கம்மல் கிடையாது. அப்பன் வீட்டில் போட்டதை வள்ளம் வாங்கும்போதே கொடுத்துவிட்டாள். இதை நானாக யோசிக்கவில்லை; எழுதும்போதுதான் தெரிந்தது.]

பிறகு புரிந்தது. அவள் நம்பிக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவளுக்குப் பயம். கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயரைத் தன் நாக்கில் பட விடாமல் காத்து வந்திருக்கிறாள். வீட்டில் கூப்பிட வேண்டுமென்றால், “பாருங்க” என்பாள். கரையில் கூட்டத்துக்கு நடுவே கூப்பிட வேண்டுமென்றால் வளையலைக் குலுக்குவாள்; அவன் திரும்பிப் பார்ப்பான். ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பதால் ஒரு உயிரைக் காக்க முடியும் என்று நம்பி வாழ்ந்தவளிடம், இப்போது அதே பெயரைச் சாவுக்குக் கீழே சொல் என்கிறோம். அவள் கணக்கில், சொல்கிற அந்த நிமிஷத்தில்தான் அவன் முங்கப் போகிறான். அதுவரை நீந்திக்கொண்டிருக்கிறான்.

அவளைச் சந்தேகப்பட்டது போய்விட்டது. அதற்குப் பதிலாக இந்தக் கதையைத் தொடர்ந்து எழுதவே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டு நாள் வாழைப்பழம், பலாப்பழம் என்று கையேட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

7

மனுவைத் திருப்பிய அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார். பெயர் வைகுண்டராஜன். மருங்கூர்ப் பக்கத்துக்காரர், அய்யாவழி என்னும் வழிபாட்டைச் சேர்ந்த குடும்பம். கெட்டவர் இல்லை. கெட்டவராக வைத்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

கோயில் முன்னால் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று பெண்களையும் கூப்பிட்டார்கள். ஊரும் சுற்றி நின்றது. வைகுண்டராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார்.

“பேரெல்லாம் எனக்கிட்ட இருக்கு. ஆனா அவகாசம் உள்ள வாரிசுங்க வாயால சொல்லணும். இன்னாரு கடல்ல செத்துப்போனாருன்னு. நான் கேட்டு எழுதணும். அப்பதான் மேல போவும். நான் உண்டாக்குன சட்டம் இல்ல அம்மா.”

சிலுவைமுத்துவின் மனைவி, “பர்னபாசு. அவனுக்க அப்பன். ரெண்டு பேரும் செத்துப்போனாவ” என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அதற்கு மேல் அவளைக் கேட்கவில்லை. அவர் மனைவியும் வீட்டில் பிள்ளைகளுக்க அப்பா என்றுதான் அவரைச் சொல்வாள். குளோரியிடம் மகளை முன்னால் நிறுத்தி, “மக்கா, ஒனக்க அப்பன் பேரு என்ன?” என்று கேட்டார். சிறுமி “யூஜின்” என்றாள். “கடல்ல போயிட்டாரு” என்றாள் குளோரி. அதையும் எழுதிக்கொண்டார். தன்னால் முடிந்த வழியெல்லாம் விட்டுக்கொடுத்தார்.

கிரேசி முன்னால் வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்குப் பிள்ளை இல்லை.

“நீங்க சொல்லுங்கம்மா.”

“அவிய வரல்ல” என்றாள்.

“வரல்லன்னு எழுதினா இதுவும் திரும்பி வரும். ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணும் கிட்டாது. நான் பொய் சொல்லல்ல அம்மா.”

கிரேசி கூட்டத்தைப் பார்த்தாள். குளோரியின் இடுப்பில் அந்தக் கடைசிப் பிள்ளை தலை தொங்கிக் கிடந்தது. அழக்கூட இல்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

8

என்னிடம் உள்ள முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

ததேயுசைத் திருப்பிக் கொண்டுவரலாம். கொழும்புக்குப் போகிற கப்பல் ஒன்று அவனை ஏற்றிக்கொண்டது, தூத்துக்குடி வழியாக நடந்து வருகிறான், விசாரணை நடக்கும் வேப்பமரத்தடிக்கே வந்து நிற்கிறான். எழுதத் தொடங்கினேன். ‘கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குர’ வரை போனேன். அப்போது சிலுவைமுத்துவின் மனைவி திரும்பிப் பார்த்தாள். தன் மகனாக இருக்குமோ என்று பார்த்தாள். மண் போட்ட மகன். ஒருத்திக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு இவளுக்கு நான் என்ன சொல்வேன்? அடித்துவிட்டேன்.

வைகுண்டராஜன் தானாகவே எழுதிக்கொண்டு போகலாம். அவள் சொன்னாள் என்று பொய்யாக எழுதலாம். நல்ல மனிதர், செய்யக்கூடியவர்தான். ஆனால் எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். ஊர் கேட்கும். கிரேசியும் கேட்பாள். தான் சொல்லாததைத் தன் வாயில் வைத்துவிட்டார்கள் என்று ஆகும். அது இன்னும் மோசம்.

கிரேசி சொல்லிவிடலாம். இதை எழுதுவதற்குப் பலமுறை உட்கார்ந்தேன். கிரேசி வாயைத் திற

கிரேசி கண்ணை மூடிக்கொண்டு

கிரேசி, தன் வாழ்க்கையில் முதல்முறையாக

முடியவில்லை. வேறு யாராலாவது முடிந்தால் எழுதட்டும்.

9

அவள் செய்தது இது. நான் யோசித்து வைத்ததல்ல. கூட்டத்தில் எல்லாரும் கேட்கும்படி குளோரியைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி குளோரி. நீ தங்கச்சிதான? நீ சொல்லு.”

குளோரி விழித்தாள். “மைனி...”

“சொல்லுட்டி. பிள்ள சாவட்டுமா? நீ பேரு சொன்னா ஒண்ணும் ஆவாது. தங்கச்சி சொல்லலாம். நான் காதப் பொத்திக்கிடுதேன்.”

“தங்கச்சி சொன்னா எழுதலாமா சார்?” என்று சாமியார் கேட்டார். வைகுண்டராஜன் கொஞ்சம் யோசித்தார். “மனைவி சம்மதிச்சு முன்னால நிக்காங்கல்லா. எழுதுதேன்” என்றார். பேனாவை எடுத்துக்கொண்டார்.

கிரேசி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். முழங்கைவரை இறங்கிய வளையல்கள் ஒன்றோடொன்று பட்டன. 

குளோரி வாயைத் திறந்தாள்.

ஒரு பேருதான என்று சொன்னவள் அவள். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள். கோட்டாற்று மாடியில் தயங்காமல் சொன்னவள். இப்போது கிரேசியைப் பார்த்தபடி நிற்கிறாள். வாய் திறந்தபடியே இருக்கிறது. பெயர் வரவில்லை. அவளுக்கும் அவன் அண்ணன். இடுப்பில் பிள்ளை கனக்கிறது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, திறந்த வாய்க்குள் போகிறது. “முடியல்ல சார்” என்கிறாள். பிறகு பிள்ளையைக் குனிந்து பார்க்கிறாள். மறுபடியும் வாயைத் திறக்கிறாள். மறுபடியும் வரவில்லை.

வைகுண்டராஜன் ஊரைப் பார்க்கிறார். “யாராவது சொல்லுங்களேன்.” ஊர் தலையைக் குனிந்துகொள்கிறது. அவனோடு கடலுக்குப் போனவர்கள், அவன் பெயர் சொல்லி வம்பு பேசியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை. பெயர் அவருடைய தாளிலேயே இருக்கிறது. அவரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் நானும் எழுத மாட்டேன். இத்தனை நேரம் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். இனி என்னால் முடியாது.

மீதி இருப்பது நீங்கள்தான். உங்களுக்கு அவன் உறவில்லை. பெயரும் தெரியும். நீங்கள் சொன்னால் இன்றைக்கு எழுதிவிடுவார்கள். குளோரியின் பிள்ளைக்கு அரிசி வரும், மருந்து வரும். சொல்லாவிட்டால் அவர் தாளை மடித்துக்கொண்டு போய்விடுவார். அவன் நீந்திக்கொண்டிருப்பான். இரண்டில் எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

சொல்வதாக இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். பிள்ளை கண்ணைச் செருகுகிறது. ஆனால் மெதுவாகச் சொல்லுங்கள். எவ்வளவு இறுக்கிப் பொத்தியிருந்தாலும் அவளுக்குக் கேட்கும்.